‘லேடீஸ்ல’ என்று ஒரு சொல்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பகுதி ஒன்று தமிழ் வகுப்பு, ஆசிரியருக்கு விதிக்கப்படும் தண்டனை. இயற்பியல், வணிகவியல், கணினி அறிவியல் என்று மூன்று துறைப் பிள்ளைகளை ஒரே அறையில் அடைத்து வைத்திருப்பார்கள். பாதிப் பேருக்குத் தூக்கம், மீதிப் பேருக்கு அடுத்த வகுப்பின் ரெக்கார்டு நோட்டு. அன்றைக்கு நான் உள்ளே நுழைந்தபோது கரும்பலகையில் யாரோ ஒரு வெள்ளாட்டை வரைந்திருந்தார்கள். தாடி, கொம்பு எல்லாம் இருந்தன. ஆட்டின் வயிற்றில் 7 என்று எழுதி, அதை இன்னொருவர் அடித்துவிட்டு 10 என்று எழுதியிருந்தார்.

“என்னப்பா இது, ஆட்டுச் சந்தையா?”

“கோட்மா” என்றான் முன்பெஞ்சுப் பையன். “கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம். அதோட சுருக்கம். விஜய் படம்கூட வந்துச்சேம்மா.”

படம் வந்தது எனக்கும் தெரியும். என் மகள் அலைபேசியில் யாரையாவது பாராட்ட வேண்டுமென்றால் ஆட்டுப் படத்தை அனுப்புகிறாள் என்பதும் தெரியும். தமிழாசிரியர் புத்தி சும்மா இருக்குமா? ‘ஆடு’ என்பது பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்று கேட்டேன். இரண்டும்தான் என்று கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. விளையாடு, பந்தாடு, போராடு என்று நான்கைந்து சொற்களை அடுக்கினார்கள். சரி, எந்த ஆட்டக்காரர் எல்லாக் காலத்துக்கும் பெரியவர், ஆளுக்கொரு பெயர் சொல்லுங்கள் என்றேன். தூக்கம் பறந்துவிட்டது. மெஸ்ஸி, ரொனால்டோ, தோனி, சச்சின், விராட், உசைன் போல்ட். ஒரு பையன் மட்டும் விஸ்வநாதன் ஆனந்த் என்றான். அது விளையாட்டா என்று நான்கு பேர் அவன்மேல் பாய்ந்தார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், இயற்பியல் மாணவி, கல்லூரிக் கபடி அணியில் இருப்பவள், “செரீனா வில்லியம்ஸ்” என்றாள்.

“அது லேடீஸ்ல” என்றான் ஒருவன். கேலியாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைத் திருத்துகிற தொனியில்தான் சொன்னான். நல்ல பையன்தான், தேர்வில் எப்போதும் முதல் வரிசை.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். “மெஸ்ஸி ஜென்ட்ஸ்லன்னு நீ சொல்லலையே?”

வகுப்பு ஓவென்று கத்தியது. மணி அடித்துவிட்டது. நான் அன்றைக்கு நடத்த வேண்டிய செய்யுளை நடத்தவில்லை.

அந்த ‘லேடீஸ்ல’ என்னோடு பேருந்தில் ஏறி வீடுவரை வந்தது. புதிய சொல் ஒன்றும் இல்லை, என்னோடு இருபது வருடமாக வருகிற சொல்தான். கவிதை வாசிப்புக்கு மேடையேறும்போதெல்லாம் தொகுப்பாளர் ஒலிவாங்கியில் “நம் காலத்துப் பெண் கவிஞர்களில் முக்கியமானவர்” என்றுதான் என்னை அழைக்கிறார். எனக்கு முன்னால் வாசித்தவரை ஆண் கவிஞர்களில் முக்கியமானவர் என்று அழைத்திருக்க மாட்டார். அவர் வெறும் கவிஞர். பாராட்டுத்தானே, இதில் என்ன குறை என்று நண்பர்கள் கேட்பார்கள். குறை எங்கே என்று எனக்கே ரொம்ப நாள் சொல்லத் தெரியவில்லை.

அதைச் சொல்லிக் கொடுத்தவர் செரீனாதான். 2016 விம்பிள்டன் அரையிறுதி முடிந்த பிறகு நடந்த செய்தியாளர் சந்திப்பில், எல்லாக் காலத்துக்குமான தலைசிறந்த பெண் விளையாட்டாளர்களில் ஒருவராக உங்களைப் பற்றிப் பேசுவார்களே என்று ஒருவர் ஆரம்பித்தார். ‘தலைசிறந்த விளையாட்டாளர்களில் ஒருவர்’ என்ற சொல்லே தனக்குப் பிடித்தது என்று செரீனா திருத்தினார். குரலை உயர்த்தவில்லை. ஒரு சொல்லை எடுத்துக் கீழே வைத்துவிட்டார், அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து இறுதிப் போட்டியில் வென்று, ஒற்றையர் பிரிவில் தன் 22ஆவது கிராண்ட் ஸ்லாம் பட்டத்தைத் தூக்கினார். அந்தக் காணொளியை நான் விடைத்தாள் திருத்துவதற்கு நடுவே அலைபேசியில் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். இவ்வளவு எளிதா இது என்று இருந்தது.

நம் மொழியில் இது இன்னும் வேடிக்கை. ‘வீரர்’ என்பதில் உள்ள ‘அர்’ விகுதி பலர்பால். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, மரியாதைக்கும் அதுதான். ஆசிரியர், கவிஞர், மருத்துவர் போல வீரர் என்று ஒரு பெண்ணைச் சொல்ல இலக்கணத்தில் எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் நம் செய்தித்தாள்களின் விளையாட்டுப் பக்கத்தில் ஆண் ‘வீரர்’, பெண் ‘வீராங்கனை’. வீரத்துக்குப் பின்னால் ‘அங்கனை’ என்று ஒரு வடமொழிப் பெண்ணைக் கூட்டிக்கொண்டுவந்து ஒட்டவைத்திருக்கிறோம். தமிழ் திறந்து வைத்திருந்த வாசலை நாமே சாத்திவிட்டோம். இந்தக் கட்டுரையில் நான் வீரர் என்றே எழுதப்போகிறேன்.

‘பெண்’ என்ற சொல்மீது எனக்கென்ன வெறுப்பு என்று கேட்டுவிடாதீர்கள். பெண்ணாக எழுதுகிறேன் என்று நானே சொல்லும்போது அது என் கொடி. அடுத்தவர் என் பெயருக்கு முன்னால் வைக்கும்போது அதுவே வேலியாகிவிடுகிறது. இதற்குள் நீ பெரிய ஆள்தான், வெளியே வராதே என்கிற வேலி. 2017 ஜூனில் முன்னாள் ஆட்டக்காரர் ஜான் மெக்கன்ரோ, செரீனா ஆண்கள் சுற்றில் ஆடினால் 700ஆவது இடம்போல வருவார் என்றார். வேலிக்கு வெளியே வந்தால் என்ன ஆகும் என்ற மிரட்டல்தான் அது. அப்போது செரீனா நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். குழந்தை பெறப் போகிறேன், உங்கள் பேச்சில் என்னை இழுக்காதீர்கள் என்று மரியாதையாகவே பதில் எழுதினார்.

எனக்கு டென்னிஸ் ஆடத் தெரியாது. மட்டையைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் தூர்தர்ஷன் காலத்தில் விம்பிள்டன் ஓடும். அப்பா ஸ்டெஃபி கிராஃபின் பக்தர். ‘ஸ்போர்ட்ஸ்டார்’ இதழின் நடுப்பக்கப் படம் கூடத்துச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் இருந்தது. நான் மோனிகா செலஸ் கட்சி. காரணம், அந்தப் பெண் பந்தை அடிக்கும்போது போடும் சத்தம். எங்கள் வீட்டில் பெண்பிள்ளை சிரிப்பதுகூடத் தெருவுக்குக் கேட்கக் கூடாது. அங்கே ஒருத்தி உலகத்துக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு அடித்தாள்.

1992 விம்பிள்டனில் அந்தச் சத்தத்தைப் பற்றிப் புகார் மேல் புகார். பத்திரிகைகள் கேலி செய்தன. இறுதிப் போட்டியில் கிராஃபுக்கு எதிராக செலஸ் வாயை மூடிக்கொண்டு ஆடினார். 2-6, 1-6 என்று தோற்றார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பன்னிரண்டு வயது. “இப்பத்தான் அடக்கமா ஆடுது” என்றார் அப்பா.

மறு ஆண்டு ஏப்ரல் 30, ஹாம்பர்க். ஆட்டத்தின் இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த செலஸை, கிராஃபின் வெறிபிடித்த ரசிகன் ஒருவன் பின்னாலிருந்து கத்தியால் குத்தினான். செலஸுக்கு அப்போது 19 வயது; எட்டு கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் கையில். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆடவில்லை. திரும்பி வந்து இன்னும் ஒரே ஒரு பட்டம், 1996 ஆஸ்திரேலியா. கிராஃப் 22 பட்டங்களோடு ஓய்வுபெற்றார். 1988இல் நான்கு கிராண்ட் ஸ்லாம்களையும் ஒலிம்பிக் தங்கத்தையும் ஒரே ஆண்டில் வென்றவர் அவர். அந்த ஆட்டத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது, கத்திக்கும் அவர் பொறுப்பில்லை. ஆனால் 22 என்ற எண்ணுக்குள் அந்தக் கத்தி இருக்கிறது. செலஸின் 9 என்ற எண்ணுக்குள்ளும் இருக்கிறது. பட்டியலில் பார்த்தால் இரண்டும் சுத்தமான எண்கள்.

அந்த 1993இல்தான் நானும் ஓடுவதை நிறுத்தினேன். இரண்டையும் முடிச்சுப்போட எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கத்திக்குத்தும் சடங்கும் ஒன்றா? ஒன்றில்லை. பள்ளியில் 400 மீட்டரில் மாவட்ட அளவுக்குப் போயிருந்தேன். வயதுக்கு வந்த பிறகு பி.டி. டீச்சர் வீட்டுக்கு வந்து, பாப்பா நல்லா ஓடுது, அனுப்புங்க என்று கேட்டார். அப்பா எதுவும் சொல்லவில்லை. அம்மாதான், “அரைக்கால் டவுசர் போட்டு ஓடணுமா டீச்சர்?” என்று கேட்டாள். ஆமாம் என்றார். அத்தோடு முடிந்தது. டீச்சருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினோம். எனக்கு எத்தனை வினாடி என்பது இன்றும் நினைவிருக்கிறது, ஆனால் இங்கே எழுதப்போவதில்லை. பெரிய நேரம் ஒன்றும் இல்லை. பெரிய நேரமாக ஆகியிருக்குமா என்று கேட்டால் அதற்கும் பதில் கிடையாது. விட்டுப்போனவற்றைப் பற்றி யாரும் நிச்சயமாக எதுவும் சொல்ல முடியாது, அதுதான் அவற்றின் கொடுமை.

எண்ணிக்கை வாதத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் வகுப்பில் எண்களை வைத்துத்தான் சண்டை போட்டார்கள். பெண்கள் டென்னிஸில் அந்தச் சண்டையை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: மார்கரெட் கோர்ட் 24, செரீனா 23. ஆகவே கோர்ட். ஆனால் கோர்ட்டின் 24இல் 11 ஆஸ்திரேலியப் பட்டங்கள். 1960 முதல் 1966 வரை தொடர்ந்து ஏழு. அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் அவ்வளவு தூரம் கடந்து ஆஸ்திரேலியாவுக்கு வருவதில்லை. தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்ட 1968க்குப் பிறகான காலத்தில் அவர் வென்றவை 11. உடனே கோர்ட் சிறியவர் என்று சொல்லிவிடவும் முடியாது. 1972இல் முதல் குழந்தையைப் பெற்று, 1973இல் நான்கு கிராண்ட் ஸ்லாம்களில் மூன்றை வென்றவர் அவர். இன்றைய மருத்துவ வசதியோ, கூடவே பயணம் செய்யும் பயிற்சிக் குழுவோ இல்லாத காலத்தில். அந்த மூன்றை எப்படி எண்ணுவது? மூன்று என்றா?

அதற்கும் முன்னால் போனால் எண்ணிக்கையே கிடையாது. 1950வரை அமெரிக்கத் தேசிய டென்னிஸ் போட்டியில் ஒரு கறுப்பினத்தவரும் ஆடியதில்லை. அந்த ஆண்டு முதன்முதலாக உள்ளே விடப்பட்டவர் ஆல்தியா கிப்ஸன். 1956இல் பிரெஞ்சுப் பட்டம், 57இலும் 58இலும் விம்பிள்டனும் அமெரிக்கப் பட்டமும். மொத்தம் ஐந்து. அப்போது பரிசுப் பணம் கிடையாது. கோப்பையைத் தின்ன முடியாது என்பதால் டென்னிஸை விட்டார், பாடினார், நடித்தார், கோல்ஃப் ஆடினார். அங்கேயும் தொழில்முறைப் பெண்கள் சுற்றின் முதல் கறுப்பினப் பெண் அவர்தான். 1990களில் வாடகைக்கும் மருந்துக்கும் காசில்லாமல் கிடந்தபோது பழைய இரட்டையர் துணை ஏஞ்சலா பக்ஸ்டனைத் தொலைபேசியில் அழைத்தார். பக்ஸ்டன் யூதப் பெண். 1956 விம்பிள்டன் இரட்டையரை இருவரும் சேர்ந்து வென்றவர்கள். அவர் எடுத்த முயற்சியில் ஒரு டென்னிஸ் இதழின் வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். கிப்ஸன் 2003இல் இறந்தார். அமெரிக்க ஓபன் மைதானத்தில் அவருக்குச் சிலை வைத்தது 2019இல்.

‘எல்லாக் காலத்துக்கும்’ என்று சொல்கிறோமே, எந்தக் காலம்? ஊர்க் கிணற்றில் எல்லோரும் தண்ணீர் எடுக்க விடாத ஊரில் நின்றுகொண்டு, இந்தக் கிணற்றில் அதிகம் இறைத்தவர் யார் என்று பட்டியல் போடுவதுபோல் இருக்கிறது.

கணக்கில் சேர்த்த பிறகு ஒருவரை அழித்துவிடவும் முடியும். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார் சாந்தி சௌந்தரராஜன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். ‘பாலினச் சோதனை’ என்று ஒன்றை நடத்திப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்த ஓட்டம் நடந்தது, பார்த்தவர்கள் பார்த்தார்கள், முடிவுப் பட்டியலில் மட்டும் இல்லை. வேறொரு பெண்ணின் உடலைப் பற்றி நாளிதழ்கள் என்னென்ன எழுதின என்பது அந்த வாரம் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு நினைவிருக்கிறது. நாங்கள் என்னென்ன பேசினோம் என்பதும் நினைவிருக்கிறது. அதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. பெண் கவிஞர் என்று அழைக்கிறார்களே என்று கோபப்பட்டுக்கொண்டிருந்த அதே வாய்தான்.

இனி செரீனாவின் 23ஆவது பட்டம். 2017 ஜனவரி, ஆஸ்திரேலியா. இறுதிப் போட்டியில் அக்கா வீனஸை வென்றார். தொடர் முழுவதும் ஒரு செட்கூட இழக்கவில்லை. வயது 35. அப்போது அவர் ஏறக்குறைய இரண்டு மாதக் கர்ப்பிணி. தொடர் ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்புதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. பட்டியலில் இதுவும் 1 என்றுதான் விழுந்தது.

செப்டம்பர் 1 அன்று அறுவைச் சிகிச்சையில் குழந்தை பிறந்தது. மறுநாள் மூச்சுத் திணறல். அவருக்கு முன்பே நுரையீரலில் ரத்தக்கட்டி வந்திருக்கிறது, அதனால் என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது. எழுந்து போய்ச் செவிலியரிடம், சி.டி. ஸ்கேன் எடுங்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுங்கள் என்று மருந்தின் பெயரோடு சொன்னார். வலி மருந்தின் மயக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்தார்களாம். முதலில் கால்களுக்கு ஸ்கேன் எடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. அவர் மறுபடியும் வற்புறுத்திய பிறகே நுரையீரலைப் பார்த்தார்கள், ரத்தக்கட்டிகள் இருந்தன. இருமி இருமித் தையல் பிரிந்து, மறுபடியும் அறுவைச் சிகிச்சை. ஆறு வாரம் படுக்கை.

உலகத்தில் தன் உடலை இத்தனை நுணுக்கமாக அறிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? முழங்கால் அரை அங்குலம் தவறினால் தெரிந்துவிடும் உடல். பணம், புகழ் எல்லாம் இருந்தும், கறுப்பினப் பெண் ஒருத்தி பிரசவப் படுக்கையிலிருந்து சொன்னால் முதல் தடவையில் நம்பப்படவில்லை. இதைப் படித்த அன்று என் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “அந்த நேரத்துல நம்ம பேச்சை யாரு கேக்குறா” என்றாள், யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல.

திரும்பி வந்தபோது 2018 பிரெஞ்சு ஓபனில் அவருக்குத் தரநிலை எண் தரப்படவில்லை. கர்ப்பமாக இருந்தபோதே உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர், பட்டியலில் 451ஆவது இடத்திலிருந்தார். யாரும் அவரைத் தோற்கடித்து இறக்கவில்லை. ஆடாத நாள்களில் புள்ளிகள் உதிர்ந்துவிடும், அதுதான் விதி. ரத்த ஓட்டம் தடைபடாமல் இருக்க உடலை இறுக்கிப்பிடிக்கும் கறுப்பு உடை அணிந்து ஆடினார். ஆட்டத்தையும் இடத்தையும் மதிக்க வேண்டும், இனி அந்த உடையை ஏற்க மாட்டோம் என்று பிரெஞ்சு டென்னிஸ் சம்மேளனத்தின் தலைவர் அறிவித்தார். அரைக்கால் டவுசர் போடணுமா டீச்சர் என்ற அம்மாவின் குரல் பாரிஸ்வரை போயிருக்கிறது.

ரோஜர் ஃபெடரரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவருக்கு 2009 ஜூலை மாதக் கடைசியில் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தார்கள். செப்டம்பரில் அமெரிக்க ஓபன் இறுதிப் போட்டியில் ஆடினார். ஜனவரியில் ஆஸ்திரேலியப் பட்டம் வென்றார். 20 பட்டங்களுக்கும் நான்கு குழந்தைகளுக்கும் நடுவே அவருடைய தரவரிசையில் பேறுகாலம் என்று ஒரு நாள்கூடக் கழியவில்லை. இது அவர் குற்றம் இல்லை. ஆனால் பட்டியல் போடுபவர்கள் இதைப் பார்க்க வேண்டாமா?

எனக்கு இது வேறொரு அறையில் நடந்தது. முனைவர் பட்ட ஆய்வு பாதியில் இருந்தபோது மகள் பிறந்தாள். சிக்கலான பிரசவம், பிறகு அவளுக்கு அடிக்கடி காய்ச்சல். இரண்டு வருடம் ஒரு கட்டுரையும் வரவில்லை. கவிதை மட்டும் வந்தது, அதற்குப் புள்ளிகள் குறைவு. பல ஆண்டுகள் கழித்து ஒரு பதவி உயர்வு நேர்காணலில், குழுவில் இருந்தவர் என் படிவத்தைப் பார்த்துவிட்டு, “இந்த ரெண்டு வருஷம் எம்ப்டியா இருக்கே மேடம்?” என்றார். எம்ப்டி. குழந்தை என்றேன். “அது சரி, எல்லாருக்கும்தான் குழந்தை இருக்கு” என்று புன்னகைத்தார். உண்மைதான், அவருக்கும் இரண்டு குழந்தைகள். அவர் படிவத்தில் அந்த ஆண்டுகள் நிரம்பி வழிந்திருக்கும். அவர் வீட்டில் அந்த இரண்டு ஆண்டுகளைக் காலியாக விட்டவர் யார் என்று கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை. அந்த முறை எனக்குக் கிடைக்கவில்லை. மூன்று வருடம் கழித்துக் கிடைத்தது.

2022 ஆகஸ்டில் செரீனா, தான் ஆட்டத்தை விட்டு விலகுவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இன்னொரு குழந்தை வேண்டும். டென்னிஸா குடும்பமா என்று தேர்ந்தெடுக்க நேர்வது நியாயமாகப் படவில்லை. ஆணாக இருந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், மனைவி உடலால் உழைத்துக்கொண்டிருக்க நான் வெளியே ஆடி வென்றுகொண்டிருப்பேன் என்கிற பொருளில் எழுதியிருந்தார். தியாகம், தாய்மை, புனிதம் என்ற சொற்களை எதிர்பார்த்துப் படித்தேன். அவர் கோர்ட்டின் 24ஐத் தொட ஆசைப்பட்டதையும், தொடாததில் உள்ள வருத்தத்தையும் ஒப்புக்கொண்டிருந்தார். குழந்தை பிறந்த பிறகு நான்கு இறுதிப் போட்டிகளை எட்டினார்: 2018, 2019 இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன், அமெரிக்க ஓபன். நான்கிலும் தோல்வி. பட்டியலில் அந்த நான்குக்கும் இடமில்லை.

என் மகள் இதற்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறாள். “அப்ப அம்மாவா இருந்தா எக்ஸ்ட்ரா மார்க்கா? குழந்தையே வேணாம்னு சொல்றவளுக்கு?” சரியான கேள்வி. பெற்றெடுத்ததையும் ஒரு பதக்கமாக்கிக் கழுத்தில் மாட்டுவது நம் ஊருக்குப் புதிதில்லை. பெறாதவளை மங்கல காரியத்தில் ஒதுக்கி நிறுத்தும் ஊர்தானே. நான் கேட்பது கூடுதல் மதிப்பெண் இல்லை. கழிக்காதே என்பதுதான். பெண்கள் டென்னிஸ் சங்கம் செரீனாவின் பிரச்சினைக்குப் பிறகு விதியைத் திருத்தியது. பேறுகாலத்துக்குப் பின் திரும்புகிறவர்கள் பழைய தரவரிசையைக் கொண்டு போட்டிகளில் நுழைய மூன்றாண்டு அவகாசம் தந்தது. இனி வருகிற யாரோ ஓர் இளம் ஆட்டக்காரர், செரீனாவைப் பிடிக்காதவராகக்கூட இருக்கலாம், அந்த விதியின் மீது நடந்து போவார்.

இதனால்தான் சில நாள்களில் எனக்கு வீனஸே பெரியவர் என்று தோன்றும். ஒற்றையர் பட்டங்கள் ஏழுதான். ஆனால் 2005இல் விம்பிள்டன் இறுதிப் போட்டிக்கு முதல் நாள், யாராக இருந்தாலும் தூங்கவும் பயிற்சி செய்யவும் வேண்டிய நேரத்தில், அவர் நிர்வாகிகளின் கூட்டத்துக்குப் போய்ப் பெண்களுக்குச் சமப் பரிசுத்தொகை வேண்டும் என்று வாதாடினார். மறுநாள் ஆடிப் பட்டமும் வென்றார். 2006இல் லண்டன் நாளிதழில் கட்டுரை எழுதினார். 2007இல் விம்பிள்டன் இறங்கி வந்தது. அந்த ஆண்டு சமத் தொகையை வாங்கிய முதல் பெண்ணாக அவரே வென்றார். அமெரிக்க ஓபனில் பில்லி ஜீன் கிங் 1973லேயே இதைச் சாதித்துவிட்டார். விம்பிள்டனுக்கு இன்னும் முப்பத்து நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன.

செரீனாவைத் தெய்வமாக்கும் எண்ணமும் எனக்கு இல்லை. 2009 அமெரிக்க ஓபன் அரையிறுதியில் கோட்டு நடுவரான ஒரு பெண்ணை அவர் மிரட்டிய விதம் அசிங்கமானது. 2018 இறுதிப் போட்டியில் நடுவரோடு அவர் போட்ட சண்டையில் நியாயம் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன்; ஆண்கள் அதைவிட மோசமாகப் பேசித் தப்பித்திருக்கிறார்கள். ஆனாலும் முதல் கிராண்ட் ஸ்லாம் வென்ற இருபது வயது நவோமி ஒசாகா, கூட்டம் கூச்சலிட, தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு அழுதது கண்ணை விட்டுப் போகவில்லை. அப்படிப்பட்ட கூச்சல் எப்படியிருக்கும் என்று செரீனாவுக்குத் தெரியும். 2001இல் இண்டியன் வெல்ஸில் பத்தொன்பது வயதில் அவரை அரங்கமே ஏளனம் செய்தது. பதினான்கு ஆண்டுகள் அந்த ஊருக்கே அவர் போகவில்லை. ஒசாகாவின் தோளை அணைத்து, இனி கூச்சலிடாதீர்கள் என்று கூட்டத்திடம் கேட்டுக்கொண்டார். பெரிய ஆட்டக்காரர் நல்லவராகவும் இருக்க வேண்டும் என்று ஆண்களிடம் நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. மெக்கன்ரோவின் கோபத்தை ரசித்த உலகம்தானே இது.

அடுத்த வாரம் அதே வகுப்பு. ஆட்டை யாரோ அழித்திருந்தார்கள், கொம்பு மட்டும் லேசாகத் தெரிந்தது. நான் ‘வீரர்’ என்ற சொல்லின் விகுதியை எழுதி, பால் காட்டும் விகுதிகளை நடத்தினேன். ‘லேடீஸ்ல’ என்று சொன்ன பையன் கையைத் தூக்கினான். “அப்ப வீராங்கனைன்னு எழுதினா தப்பாம்மா?” தப்பில்லை, தேவையில்லை என்றேன். எழுதிக்கொண்டான். தேர்வில் வருமா என்று கேட்டான்.

வகுப்பு முடிந்ததும் கபடிப் பெண் ஓ.டி. படிவத்தோடு வந்தாள். பல்கலைக்கழகப் போட்டி, ஐந்து நாள். அவளுடைய துறையில் ஆய்வகம் தவறினால் வருகைப் பதிவு தர மாட்டார்களாம். தமிழிலாவது கிடைக்குமா என்று கேட்டாள். கையெழுத்துப் போட்டேன். “வீட்ல தெரியுமா?” என்றேன். “அம்மாவுக்குத் தெரியும்” என்றாள்.

ஐந்து நாள் கழித்து வலது முழங்காலில் கட்டோடு வந்தாள். காலிறுதியில் தோற்றார்களாம். எட்டு ரெய்டுப் புள்ளி எடுத்தேன், யாரும் குறித்து வைக்கவில்லை என்றாள். என் வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அவளுடைய பெயரையும் தேதியையும் எட்டு என்பதையும் எழுதினேன். சிரித்தாள். பிறகு, போன வாரம் நடத்திய செய்யுளுக்கு நோட்ஸ் வேண்டும் என்று கேட்டாள்.